பாடக் கோப்பு ஏறவில்லையா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் மூடுல் போன்ற தளங்களில் அசைன்மென்ட் அனுப்பும்போது கோப்பு ஏறாவிட்டால், சிக்னலைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பல நேரம் காரணம் கோப்பின் அளவு.

மூடுலில் சர்வர், தளம், பாடம், அசைன்மென்ட் என ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. அவற்றில் சிறியதே செல்லும். சர்வரிலுள்ள பிஎச்பியின் இயல்பு வரம்பு 2 எம்பிதான். கல்லூரி உயர்த்தினால்தான் கூடும். போனில் எடுத்த ஒரு படமே அதைத் தாண்டிவிடலாம்.

அசைன்மென்ட் பக்கத்தில் காட்டும் வரம்பை முதலில் பாருங்கள். பக்கங்களைத் தனித்தனிப் படமாக அனுப்பாமல், கூகுள் டிரைவில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். வரம்புக்குள் இருந்தும் பாதியில் நின்றால், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் மீண்டும் முயலுங்கள்.

கடைசி இரவுவரை காத்திருக்க வேண்டாம். உழைத்து எழுதியது மதிப்பெண்ணாக வந்து சேரட்டும், இன்ஷா அல்லாஹ்.