சிறுநீரகத்தின் நீர்க் கணக்கு

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் நீர். உணவு, பருகும் நீர், வியர்வை ஆகியவை நாளுக்கு நாள் மாறுபட்டாலும், குருதியில் உள்ள உப்பின் செறிவும் அமிலத்தன்மையும் மிகக் குறுகிய வரம்பிற்குள் நிற்க வேண்டும். வரவு எவ்வாறு மாறினும் இருப்பைக் காக்கும் பொறுப்பு பெரிதும் சிறுநீரகங்களையே சார்ந்துள்ளது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்குழல்கள் உள்ளன. இவற்றின் முகப்பில் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் குருதியிலிருந்து வடிகின்றது. ஆயினும் வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியதைக் குழற்சுவரின் உயிரணுக்கள் மீட்டுக்கொள்கின்றன. அனைத்தையும் வெளியேற்றிவிட்டு வேண்டியதைத் திரும்பப் பெறும் இம்முறை ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் உடலுக்கு வேண்டாதவற்றின் பட்டியலைச் சிறுநீரகம் வைத்திருக்கத் தேவையில்லை. மீட்கப்படாதது தானே வெளியேறிவிடும்.

நீரில் மூன்றில் இரு பங்கு, குழலின் முதற் பகுதியிலேயே உப்புடன் சேர்ந்து மீள்கின்றது. உண்மையான கட்டுப்பாடு இறுதியிலுள்ள சேகரிப்புக் குழல்களில் நிகழ்கின்றது. குருதியின் செறிவு ஓரிரு சதவீதம் உயர்ந்தாலும் மூளை அதனை உணர்கின்றது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் வெளிப்படுகின்றது. உடனே சேகரிப்புக் குழலின் உயிரணுக்கள், தம்முள் சேமித்து வைத்துள்ள ‘அக்வாபோரின்’ என்னும் நீர்வாய்க்கால் புரதங்களை மேற்பரப்பிற்கு நகர்த்துகின்றன. சுற்றியுள்ள திசுவின் மிகுந்த உப்புச் செறிவு அவ்வழியே நீரை ஈர்த்துக்கொள்கின்றது. இவ்வாய்க்கால்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவிற்கு 2003-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இச்சிக்கனத்திற்கும் எல்லை உண்டு. மனிதச் சிறுநீரகம் சிறுநீரைக் குருதியைப் போல் நான்கு மடங்கு வரையே செறிவாக்க வல்லது. எனவே, ஒரு துளி நீரும் பருகாத நாளிலும் கழிவுகளை வெளியேற்ற ஏறத்தாழ அரை லிட்டர் நீர் செலவாகியே தீரும்.

அமிலக் கணக்கு இதனினும் நுட்பமானது. உணவிலுள்ள புரதங்கள் சிதைவதால் நாள்தோறும் 50 முதல் 70 மில்லிமோல் வரை அமிலம் சேருகின்றது. நுரையீரலால் இதனை வெளியேற்ற இயலாது. குருதியிலுள்ள பைகார்பனேட் இதனை ஈடுசெய்து, தானும் செலவாகின்றது. ஆகவே வடிந்த பைகார்பனேட்டை மீட்டால் மட்டும் போதாது. செலவான அளவிற்குப் புதிதாகவும் ஆக்க வேண்டும். ஹைட்ரஜன் அயனி தனியே வெளியேறுவதாயின் சிறுநீர் தாங்காத அளவிற்கு அமிலமாகிவிடும். எனவே குழல் உயிரணுக்கள் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை ஆக்கி, அதனுடன் அமிலத்தைப் பிணைத்து அனுப்புகின்றன. அவ்வாறு வெளியேறும் ஒவ்வோர் அயனிக்கும் ஈடாக ஒரு புதிய பைகார்பனேட் குருதியைச் சேருகின்றது. சிறுநீரகம் நலிந்தால் இவ்வுற்பத்தி குறைகின்றது; தேங்கும் அமிலத்தை ஈடுசெய்ய எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைகின்றது.

இப்பணிக்கு மாற்று இயந்திரம் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதியளிக்கும் பிரதமரின் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. பலரின் உயிர் அதனால் நிலைத்துள்ளது. எனினும் நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றுக்கு, நிமிடத்திற்கு அரை லிட்டர் என்ற கணக்கில், 120 லிட்டர் கரைசல் ஓடி வீணாகின்றது. பைகார்பனேட்டையும் வெளியிலிருந்தே தர வேண்டும். அடுத்த முறை வரை நீரும் அமிலமும் சேர்ந்துகொண்டேயிருக்கும். தினக்கூலி பெறுவோருக்கு, சிகிச்சை இலவசமாயினும், வாரத்தில் மூன்று நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் உடன் வருபவரின் கூலியும் செலவே.

நீரிழிவும் உயர் குருதியழுத்தமுமே சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மைக் காரணங்கள். ஆனால் ஆந்திரப் பிரதேசத்தின் உத்தானம் பகுதியில் இவ்விரண்டும் இல்லாத உழவர்களிடையேயும் இந்நோய் மிகுந்து காணப்படுகின்றது. காரணம் முடிவாக நிறுவப்படவில்லை. கடும் வெப்பத்தில் உழைப்பதால் நேரும் நீரிழப்பும் ஆராயப்படுபவற்றுள் ஒன்று. 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் தொழிற்சாலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் அளிக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கட்டாயமாக்கியது. வயலில் குனிந்து களையெடுக்கும் பெண்ணுக்கு அவ்விதி பொருந்தவில்லை. ஒதுங்க இடமில்லாத காரணத்தால் அவர் கொண்டுவந்த நீரையும் குடிக்காமல் பொழுதைக் கழிப்பதுண்டு.