முதலில் ஓடட்டும், பிறகு மினுங்கட்டும்

மாடிப்படிக்கு அடியில் வருடக்கணக்காக நிற்கும் பழைய புல்லட்டை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பூட்டுவதற்குள் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது மறந்து, வண்டி சாக்கு மூட்டைக்குப் போய்விடும். அது நிற்கும் நிலையிலேயே என்ஜினை ஓடவைக்கப் பாருங்கள். எதைக் கழற்ற வேண்டும் என்று வண்டியே சொல்லும்.

வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட 350 சிசி புல்லட் இதற்கு நல்ல வண்டி. 1955-இல் இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த உதிரிகளைச் சென்னையில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு அது முழுக்கத் திருவொற்றியூரிலேயே தயாரானது. அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாததால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்றும் சாமான் கிடைக்கிறது.

வாங்குவதாக இருந்தால் ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புக். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதனுடன் பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதிவு 15 ஆண்டுதான் செல்லும். அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்படி ‘விஏ’ வரிசையில் தனிப்பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது.

இனி என்ஜின். கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் நகர்ந்தால் பாதி வேலை முடிந்தது. நகராவிட்டால் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி நாள்கணக்கில் காத்திருங்கள். சுத்தியலை எடுத்தால் பிஸ்டனோடு செலவும் உடையும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஆயில். புல்லட்டின் ஆயில் தொட்டி என்ஜின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. நெடுநாள் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் பகுதிக்கு இறங்கிவிடும். அளவுக்குச்சியில் ஆயில் தெரியாது. தொட்டி காலி என்று நினைத்து மேலும் இரண்டு லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் கிடைத்த வழியெல்லாம் ஆயில் பீய்ச்சும். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து பழையதை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். வண்டி ஓடியதும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே ஆயில் எட்டிப் பார்க்காவிட்டால் உடனே நிறுத்திவிட்டு பம்பைக் கவனியுங்கள்.

பாயிண்ட்டை நைஸ் எமரியால் தேய்த்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கன்டென்சர் விலை குறைவு, யோசிக்காமல் மாற்றலாம். கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், காற்றால் ஊதினால் போதும். டேங்க் துருவுக்கு வினிகர் ஊற்றி ஓரிரு நாள் ஊறவைத்து, சோடா மாவு நீரில் அலசி உடனே காயவையுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருப்பதால் பழைய ரப்பர் குழாய் தாங்காது, அதையும் மாற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்ய, சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் சிறிது இறக்கி, அதை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுமூச்சாக ஒரு மிதி. முதலில் புகை கக்கும், பயப்பட வேண்டாம். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள் நான்கையும் மாற்றாமல் மட்டும் தெருவுக்கு இறங்காதீர்கள். பார்வைக்கு நன்றாகத் தெரியும் பழைய டயரும் உள்ளே வெடித்திருக்கும்.

பெயின்ட் கடைசி. இதில் நான் பிடிவாதக்காரன். டேங்க்கில் ஓடும் தங்கக் கோடுகளைத் திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்தார்கள். மங்கியிருந்தாலும் அந்தக் கோடு இருக்குமானால் மெழுகு தேய்த்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். துரு தின்று, வேறு வழியே இல்லையென்றால், சுரண்டுமுன் டேங்க்கின் இரு பக்கமும் மெல்லிய தாளை ஒட்டிக் கோட்டைப் படியெடுத்து, அதன் அகலத்தையும் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் குறித்துக்கொண்டு பெயின்டரிடம் போங்கள்.