அண்ணன் ஏ, தங்கை ஓ

பாளையம்பட்டிப் பக்கம் ரத்த தான முகாம் நடந்தால், குரூப்பு பார்க்கும் மேசையைச் சுற்றித்தான் பையன்கள் மொய்ப்பார்கள். வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீலத் திரவம், ஒன்றில் மஞ்சள், மற்றதில் நிறமில்லாதது. குச்சியால் கலக்கித் தட்டைச் சாய்த்தால், ஏ வகை ரத்தம் நீலத்தில் திரிந்த பால்போல மணி மணியாகத் திரளும், மஞ்சளில் திரளாது. அந்த எழுத்து சாகும்வரை மாறாது என்றே நினைக்கிறோம். வேறு குரூப்பு அண்ணனின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் தங்கைக்கு ஏறினால் மாறிவிடும்.

ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடந்துவரும் சிகிச்சை இது. இதற்கு முக்கியமாகப் பார்ப்பது எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளங்களின் பொருத்தம். அவற்றின் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, ரத்த வகையினுடையதோ 9ஆம் குரோமோசோமில். உடன்பிறந்த ஒருவரிடம் எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அப்படிக் கிடைத்த அண்ணனைக் குரூப்பு வேறு என்று விட வேண்டியதில்லை. ஸ்டெம் செல்லின் மேல் ஏ, பி அடையாளம் கிடையாது.

சிக்கல் கூட வருகிற சிவப்பணுவில். தங்கை ஓ, அண்ணன் ஏ என்றால், ஏ-வை எதிர்க்கும் பொருள் தங்கையின் பிளாஸ்மாவில் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சேர்ந்திருக்கும். மஜ்ஜையோடு வரும் அண்ணனின் சிவப்பணுக்களை அது உடைக்கும்; சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் கெடலாம். அதனால் முன்கூட்டியே சிவப்பணுக்களைப் பிரித்துவிடுகிறார்கள். அதன் பிறகும், தங்கையின் பழைய செல்கள் சில பிழைத்து எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். வெள்ளணு வந்துவிடும், தட்டணு வந்துவிடும், சிவப்பணு மட்டும் மாதக்கணக்கில் முளையிலேயே கருகும். நோய் திரும்பிவிட்டதோ என்று குடும்பம் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் எதிர்ப்பொருள் வடிய வடிய ஹீமோகுளோபின் ஏறிவிடும். அதுவரை ரத்தம் ஏற்றியே ஓட்ட வேண்டும்.

ஓ வகை அண்ணன் ஏ வகைத் தங்கைக்குக் கொடுத்தால் கதை தலைகீழ். அண்ணனின் நிணநீர் அணுக்கள் ஒன்றிரண்டு வாரத்தில் தங்கையின் சிவப்பணுக்களைத் திடீரென்று தாக்கலாம்.

இரண்டிலும் இடைக்காலத்தில் ஏற்றுவது ஓ வகைச் சிவப்பணு, ஏ வகைப் பிளாஸ்மா. ஊர் திரும்பியபின் திருச்சுழியில் தலைசுற்றி விழுந்தவரை அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, தயவுசெய்து பழைய குரூப்பு அட்டையை நீட்டாதீர்கள். மாற்று சிகிச்சை நடந்ததை முதலில் சொல்லி, அந்தச் சிகிச்சை தந்த ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த சீட்டைக் காட்டுங்கள். ஓ வகைத் தங்கைக்கு ஏ வகை அண்ணனின் சிவப்பணு முளைக்கத் தொடங்கும் மாதங்களில், அவள் ரத்தத்தை வெள்ளைத் தட்டில் வைத்தால், நீலத்தில் கொஞ்சம் திரளும், மீதி திரளாமல் ஓடும். திரள்வது அண்ணனுடையது.