கர்ப்பிணிக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்!

மயிலாப்பூர் மாட வீதியானாலும் சரி, தியாகராய நகரானாலும் சரி, பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் போதும். "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று அம்மாவும் மாமியாரும் பாதாம் அல்வாவும் சர்க்கரைப் பொங்கலுமாக உபசரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆசை தவறில்லை. ஆனால், அதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது.

"நீரிழிவு வயதானவர்களுக்கல்லவா வரும்?" என்று கேட்பீர்கள். கர்ப்ப காலத்தில் நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. அதை ஈடுகட்ட முடியாத உடம்பில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை சிசுவுக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே சிசுவே அதிக இன்சுலினைச் சுரந்து, கொழுத்து வளர்கிறது. பிரசவம் சிரமமாகலாம், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். குழந்தை கொழு கொழுவென்று இருப்பதெல்லாம் ஆரோக்கியமல்ல!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றைப் பரப்பப் பாடுபட்டவர் நமது சென்னை டாக்டர் வி. சேஷய்யா. 2022-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. 75 கிராம் குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும். தமிழக அரசு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டுமென உத்தரவிட்டது. முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு முறை; அப்போது சரியாக இருந்தால், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும்.

சர்க்கரை இருக்கிறதென்றால் பயந்துவிட வேண்டாம். பலருக்குச் சாப்பாட்டு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்குத்தான் மருந்தோ இன்சுலினோ வேண்டும்.

தாது உப்புக்களையும் மறக்கலாகாது. மக்னீசியம் இன்சுலினின் வேலைக்குத் துணை நிற்பது. கீரை, பருப்பு, கேழ்வரகில் கிடைக்கும். டாக்டர் தந்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். "இன்னும் ரத்தம் ஊறட்டுமே" என்று நீங்களாக அதிகமாக்கவும் வேண்டாம். அதைக் காப்பியோடோ கால்ஷியம் மாத்திரையோடோ சேர்த்து விழுங்கினால் பாதி வீண்.

பிரசவத்துக்குப்பின் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் பிற்காலத்தில் அது திரும்ப வரக்கூடும். பெயர் சூட்டும் சந்தடியில் தாயை மறந்துவிடாமல், 6 வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாட்டிமார்களே, இதை நினைவூட்டும் பொறுப்பு உங்களுடையது!