கண்ணிழந்த வீரரும் ஆறு புள்ளிகளும்

துருக்கி நாட்டின் மேற்கோரத்தில், தார்தனெல்ஸ் நீரிணையை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்குக் கல்லிப்போலி என்று பெயர். கிலாபத் இயக்கக் காலத்துச் செய்திகளைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்கள் அப்பெயரை அறிந்திருப்பீர்கள். உதுமானியக் கலீபாவின் தலைநகரைக் கைப்பற்றும் நோக்குடன் நேச நாட்டுப் படைகள் 1915 ஏப்ரலில் அங்கே கரையிறங்கின. எட்டரைத் திங்கள் போரிட்டும் பயனின்றி 1916 ஜனவரியில் திரும்பின. அப்போரில் சுனுக் பைர் என்னும் குன்றுக்காக 1915 ஆகஸ்டில் நடந்த சண்டை மிகக் கொடியது. நியூசீலந்துப் படையினர் குன்றின் உச்சியைப் பிடித்தனர். இரண்டு நாட்களில் முஸ்தபா கமாலின் தலைமையில் துருக்கியர் அதனை மீட்டனர். அந்தச் சண்டையில் இருபதே வயதான நியூசீலந்து வீரர் ஒருவர் பார்வையை முற்றாக இழந்தார். அவர் பெயர் கிளூத்தா மெக்கன்சி.

கலீபாவின் மண்ணில் படையெடுத்து வந்த ஒருவரின் வரலாறு நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சற்றுப் பொறுத்துப் படியுங்கள்.

மெக்கன்சியின் தந்தையார் 1912இல் சிறிது காலம் நியூசீலந்தின் தலைமை அமைச்சராக இருந்தவர். செல்வாக்குள்ள குடும்பந்தான், ஆயினும் போன கண்ணைச் செல்வாக்கு மீட்டுத் தருமா? இளைஞர் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவ்வாண்டுதான் ஆர்தர் பியர்சன் என்பவர், போரில் கண்ணிழந்தோருக்காக ஓர் இல்லம் தொடங்கியிருந்தார். புகழ்பெற்ற நாளேடு ஒன்றை நிறுவி நடத்திய பியர்சன், நோயினால் தாமும் பார்வை இழந்தவர். செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற அந்த இல்லத்தில் அனுதாப மொழிகளுக்கு இடமில்லை. பிரெயில் புள்ளியெழுத்து, தட்டச்சு, கோழி வளர்ப்பு, செருப்புத் தைத்தல், கூடை முடைதல், தச்சு வேலை, தொலைபேசி இணைப்பகப் பணி என ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு தொழில் கற்பிக்கப்பட்டது.

புதிதாக வரும் வீரருக்குப் பியர்சன் ஒரு கடிகாரம் கொடுப்பது வழக்கம். மூடியைத் திறந்து, முள்ளையும் மேடிட்ட புள்ளிகளையும் விரலால் தடவி நேரம் அறியும் கடிகாரம் அது. மணி என்ன என்று இனி எவரையும் கேட்டு நிற்க வேண்டாம். கண்ணிழந்தவனுக்கு முதலில் திரும்பக் கிடைத்தது காலம்.

இதைப் படிக்கையில் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் யாரை முன்னிட்டு இறங்கினவோ, அந்தப் பார்வையற்ற தோழர்தாம் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பள்ளிவாசலின் ஒரு மூலையில் அமர்த்தி உணவளித்ததோடு நின்றுவிடவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பையே ஒப்படைத்தார்கள். ரமலானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபிமொழி. விடியலைக் காண இயலாதவரின் குரலை நம்பி மதீனா மாநகரமே நோன்பைத் தொடங்கியது! அவர் எப்படி நேரம் அறிந்தார்? விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் அவருக்குச் சொல்வார்கள். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார். இதுவும் புகாரீயில் பதிவாகியுள்ளது. பெருமானார் (ஸல்) மதீனாவை விட்டு வெளியே சென்ற காலங்களில் அவரைத் தம் பிரதிநிதியாக நியமித்துச் சென்றதும் உண்டு.

சமுதாயம் தன் கண்ணைக் கொடுத்தது. அவர் தம் குரலைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் பார்வையற்றவர் கையில் நாம் போடும் காசு ஸதகாவே, ஐயமில்லை. ஆனால் அவரிடம் என்ன பொறுப்பை ஒப்படைத்தோம் என்று நம் ஜமாஅத்துகளைக் கேட்டுப் பாருங்கள். விடை சொல்வோர் குறைவு. ஓதுதலில் மட்டும் நம் சமுதாயம் அவருக்கு இடம் கொடுத்தே வந்துள்ளது. 1934இல் எகிப்து வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது முதலில் முழங்கிய கிராஅத், பார்வையற்ற ஷெய்கு முஹம்மது ரிப்அத் அவர்களுடையது. எனினும் செவிவழி மனனம் செய்தவர் ஒரு கடிதத்தைப் படிக்க, ஒரு கணக்கைச் சரிபார்க்கப் பிறர் கையையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

மெக்கன்சியிடம் திரும்புவோம். பயிற்சி பெற்றபின் அவர் நியூசீலந்துப் படையினருக்கான இதழ் ஒன்றின் ஆசிரியரானார். தாயகம் சென்று 1921இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே தோற்றதனால் நன்மைதான் விளைந்தது எனலாம். 1923 முதல் 1938 வரை ஆக்லாந்து நகரிலிருந்த பார்வையற்றோர் நிலையத்தின் இயக்குநராக உழைத்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. இந்தியப் படையில் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக இருந்த காலம் அது. ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் போரிட்ட சிப்பாய்களுள் கண்ணிழந்து திரும்பியவர்களுக்காக 1943இல் டேராடூனில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. லண்டன் இல்லத்தின் பெயரையே தாங்கிய அதனை நடத்த வந்தவர் மெக்கன்சி. உனக்கு என்ன தெரியும் என் துன்பம் என்று எந்தச் சிப்பாயும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. நாட்டின் நிலையை ஆராய்ந்த அரசுக் குழுவின் அறிக்கை 1944இல் வந்தது. இந்தியாவில் பார்வையற்றோர் 20 லட்சம் பேர் என அது மதிப்பிட்டது. அவர்களுள் போர்வீரர் ஒரு சிறு துளியே. 1950இல் அரசு அவ்விடுதியை ஏற்று, பார்வையற்ற பெரியவர்கள் அனைவருக்குமான பயிற்சி நிலையமாக்கியது. பார்வையற்றோருக்கான இன்றைய தேசிய நிறுவனம் அந்த வித்திலிருந்து வளர்ந்ததே.

மற்றொரு தடையும் இருந்தது. பிரெயில் என்பது ஆறு புள்ளிகளின் இடத்தை மாற்றி மாற்றி எழுத்தமைக்கும் முறை. பாளையங்கோட்டைப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழுக்கு அது அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவில் பள்ளிக்கொரு முறை. ஒருவர் கற்றதை மற்றவர் படிக்க இயலாது. அரபு நாடுகளிலும் இதே குழப்பந்தான். இந்திய அரசு 1949இல் யுனெஸ்கோவை அணுகியது. யுனெஸ்கோ இப்பணியை மெக்கன்சியிடம் ஒப்படைத்தது. 1950 மார்ச்சில் பாரிஸிலும், 1951 பிப்ரவரியில் பெய்ரூத்திலும் அறிஞர்கள் கூடினர். ஒரே ஒலிக்கு, இயன்றவரை எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளிகள் என்பது அவர்கள் கண்ட வழி. 1951 ஏப்ரலில் இந்தியா ‘பாரதி பிரெயில்’ முறையை ஏற்றது. தமிழும் அதில் அடங்கும். அரபுக்கும் பொதுமுறை வகுக்கப்பட்டது. அதில் ஒரு விந்தை: அச்சில் வலமிருந்து இடம் செல்லும் அரபும் உருதுவும் புள்ளியெழுத்தில் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. 1952இல் அமைந்த உலகப் பிரெயில் மன்றத்தின் தலைவராகவும் மெக்கன்சி பணியாற்றினார். 1966இல் அவர் காலமானார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். தடித்த தாளொன்றில், பின்பக்கம் மேடிடும்படி ஊசியால் மூன்று புள்ளிகள் குத்துங்கள். தாளைத் திருப்பித் தடவும்போது இடப்பக்க வரிசையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும், வலப்பக்க வரிசையில் மேலே ஒன்றும் இருக்கட்டும். தமிழில் அது ‘ம’. உருதுவிலும் அரபியிலும் ‘மீம்’. பெருமானாரின் திருநாமத்தைப் படிக்கத் தொடங்கும் விரல், கெய்ரோவிலும் லாகூரிலும் காயல்பட்டினத்திலும் முதலில் தொடுவது அந்த மூன்று புள்ளிகளையே.