ஒல்லி உடம்பு, கொழுத்த ஈரல்

எடை எவ்வளவு என்பதை விட, கொழுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதே முக்கியம். குடிக்காத, குண்டாகாத இந்தியர்களின் ஈரலும் கெடுவது இதனால்தான்.

அந்தப் புகைப்படத்தில் விசேஷமாக எதுவும் இல்லை. இரண்டு நடுவயது டாக்டர்கள் அருகருகே இருக்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். இருவருமே ஒல்லி. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற உடல் பருமன் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஸ்கேன் கருவி சொன்ன கதை வேறு. யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். 2004-ல் 'லான்செட்' இதழில் இந்தப் படத்தை வெளியிட்டபோது தங்களையே கிண்டலும் செய்துகொண்டார்கள். யூட்கின் ஓய்வு நேரத்தில் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சியோ, காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொள்வது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத விஷயம் இது. வெளியே தெரியாத அந்த உபரிக் கொழுப்பு இந்தியர்களின் உடம்பில் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. அங்கிருந்து ஈரலுக்கு அதிக தூரம் இல்லை.

ஆபீஸ் கட்டாயத்துக்காக 'மாஸ்டர் செக்-அப்' செய்துகொள்ளும் நாற்பது வயது ஒல்லி ஆசாமி, ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று படித்துத் திகைப்பது இன்று எந்த நகரத்திலும் சகஜம். வீட்டில் எழும் முதல் சந்தேகம், அவர் ரகசியமாகக் குடிக்கிறாரோ என்பது. அடுத்து வரும் ஆறுதல், 'இது எல்லோருக்கும் இருப்பதுதான்'. சந்தேகம் அநியாயமானது. ஆறுதல் ஆபத்தானது. நாடெங்கும் நடந்த ஆய்வுகளை தில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2022-ல் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் பரிசோதிக்கப்பட்ட வயது வந்தோரில் சுமார் 38 சதவீதம் பேருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. எல்லோருக்கும் இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது என்பதும் உண்மை. ஒரு பகுதியினருக்கு மட்டும் ஈரல் அழற்சி கண்டு, தழும்பு விழுந்து, கடைசியில் சிரோசிஸ் என்ற சுருக்கத்தில் முடிகிறது. யாருக்கு நிற்கும், யாருக்கு ஓடும் என்று ஆரம்பத்தில் ஈரல் சொல்வதில்லை. வலியும் இருப்பதில்லை.

1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியல் நிபுணர், குடிக்காத சிலரின் ஈரல் திசுவில் குடிகாரர்களின் ஈரலில் காணும் அதே சேதத்தைக் கண்டு நோய்க்குப் பெயர் வைத்தார். அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் ஓரளவு குண்டானவர்கள். கொழுப்பு ஈரல் என்றால் வசதியான, பெருத்த உடம்புகளின் வியாதி என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது.

அந்த எண்ணத்தை வங்கத்துக் கிராமவாசிகள் உடைத்தார்கள். கொல்கத்தாவின் ஈரல் நிபுணர் அபிஜித் சவுத்ரியும் சகாக்களும் மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரை ஆராய்ந்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வசதி குறைந்த, பருமன் அபூர்வமான ஜனங்கள். இருந்தும் 8.7 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ. 25-க்கும் கீழே. பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54 சதவீதம், ஆசியர்களுக்கான கறாரான அளவுகோலின்படியும் எடை கூடியவர்கள் அல்ல, தொப்பை உள்ளவர்களும் அல்ல. சிலருக்கு சிரோசிஸே வந்திருந்தது. இன்னொரு கணக்கும் யோசிக்க வைத்தது. 'நார்மல்' எடை கொண்டவர்களுக்குக்கூட, மிக மெலிந்தவர்களைப் போல் இரண்டு மடங்கு அபாயம் இருந்தது. நார்மல் என்ற சொல் யாருடைய உடம்பைப் பார்த்து உருவானது என்பதுதான் கேள்வி.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு விவசாயியின் வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். நெல் கொட்டி வைக்கக் குதிர் இருக்கிறது. குதிர் பெரிதாக இருந்தால் எவ்வளவு விளைந்தாலும் கவலை இல்லை. குதிர் சிறிதாக இருந்தால் கொஞ்சம் விளைச்சல் கூடினாலும் நெல் திண்ணைக்கு வரும், பிறகு கூடத்துக்கு, பிறகு அடுப்படிக்கு. உடம்பின் குதிர் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. குறிப்பாக இடுப்புக்குக் கீழே, பிருஷ்டத்திலும் தொடையிலும் இருப்பது. பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகச் செலவழிக்கும் இடம் அது. இந்தியர்களுக்கு இந்தக் குதிர் சிறியது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நிறைந்து வழிவது குடலைச் சுற்றியும், தசையிலும், ஈரலிலும் போய்த் தங்குகிறது.

பிறக்கும்போதே இந்தச் சுபாவம் தொடங்கிவிடுகிறது என்பதற்கும் யாஜ்னிக்கின் குழுவே சாட்சியம் தந்தது. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்றில் உறுப்புகளின் அளவு குறைவு. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான கொழுத்த குழந்தை' என்று 2003-ல் அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இடம்தான் விஷயம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்சின் மார்செய் நகர டாக்டர் ஜான் வாக் 1947-லேயே மேலுடம்பு பெருத்தவர்களையும் கீழுடம்பு பெருத்தவர்களையும் பிரித்துப் பேசினார்; நீரிழிவும் ரத்தக் குழாய் நோயும் முதல் வகையினரைத்தான் தேடி வருகின்றன என்று பிறகு காட்டினார். காது கொடுத்தவர்கள் குறைவு. இன்று இரண்டு எதிரெதிர் உதாரணங்கள் அவர் பக்கம் பேசுகின்றன. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அபூர்வ நோயில் தோலடிக் கொழுப்பே இருப்பதில்லை. கை காலில் நரம்பு புடைத்துத் தெரியும் அவர்கள் ஈரலில் கொழுப்பு குவிந்து கிடக்கிறது. மறுபக்கம், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 15 பருத்த பெண்களுக்கு லிப்போசக்ஷன் மூலம் ஆளுக்குச் சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலினின் செயல்திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை. தொல்லை தராத குதிரைக் காலி செய்ததில் லாபம் ஏது? 2004-ல் வெளியான இந்த முடிவு, அழகு நிலைய விளம்பரங்களில் மட்டும் இடம் பெறவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் குடலைச் சுற்றிய கொழுப்பின் மேல் போட்டுவிடவும் முடியாது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் இறங்குகின்றன என்பது உண்மைதான். மேயோ கிளினிக்கில் அளந்து பார்த்தபோதோ, பருமனானவர்களிடம்கூட ஈரலுக்கு வந்து சேரும் கொழுப்பு அமிலங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அதன் கைங்கரியம் இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதி மேலுடம்பின் தோலடிக் கொழுப்பிலிருந்து வருகிறது. ஆக, தொப்பை ஒரு குற்றவாளி. அதைவிட, கூடத்துக்கு நெல் வந்துவிட்டது என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி.

பெண்களுக்கு இயற்கை சில காலம் சலுகை தருகிறது. மாதவிடாய் நிற்கும் வரை ஹார்மோன்கள் கொழுப்பை இடுப்புக்குக் கீழே அனுப்புகின்றன. நின்ற பிறகு அது வயிற்றுக்கு இடம் பெயர்கிறது, கொழுப்பு ஈரலும் அதிகரிக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணின் எடை ஏறாமலே புடவைக் கட்டு இறுகுவது இதனால்தான்.

கொழுப்பு ஈரல் என்றதும் பலரும் செய்யும் முதல் காரியம் எண்ணெயை நிறுத்துவது. அமெரிக்காவின் மினசோட்டாவில் நோயாளிகளின் ஈரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்தார்கள். 2005-ல் வெளியான கணக்கு இது: 59 சதவீதம் உடம்பின் சேமிப்பிலிருந்து, 26 சதவீதம் சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து ஈரல் தானே தயாரித்தது, உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே. தாளித எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிட்டு, மூன்றாவது முறை சாதம் போட்டுக்கொள்கிறவர்களும், டம்ளர் டம்ளராக ஜூஸ் குடிக்கிறவர்களும் கவனிக்க வேண்டிய கணக்கு.

மாத்திரைகள் வராமல் இல்லை. ஈரலில் தழும்பு விழுந்தவர்களுக்காக அமெரிக்கா 2024-ல் முதல் மருந்தை அனுமதித்தது. ஆனால் எடைக் குறைப்பை இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை. ஒல்லியானவரிடம் எடையைக் குறைக்கச் சொல்வது கேலி போலத் தோன்றலாம். ஹாங்காங்கில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு பதில் வைத்திருக்கிறது: பருமனானவர்களில் பாதிப் பேருக்கு ஈரல் கொழுப்பு கரைய 7 முதல் 10 சதவீத எடை குறைய வேண்டியிருந்தது, பருமனில்லாதவர்களில் பாதிப் பேருக்கு 3 முதல் 5 சதவீதமே போதுமாக இருந்தது. 60 கிலோ ஆசாமிக்கு அது இரண்டு, மூன்று கிலோ. குதிர் சிறியது என்பதால், கொஞ்சம் அள்ளினாலே கூடம் காலியாகிவிடுகிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. பி.எம்.ஐ.படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிறு பெருத்தவர்கள் 39.5 சதவீதம். எடை இயந்திரம் பார்க்கத் தவறியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த இடைவெளி உணர்த்துகிறது. அவர்களைப் பிடிக்க ஒரு டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பேன்ட் சைஸ் பத்து வருடமாக மாறவில்லை என்று சொல்லும் ஆண்களை நம்ப வேண்டியதில்லை. பெல்ட் தொப்புளுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

2021-ல் மத்திய அரசு கொழுப்பு ஈரலைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அந்தத் திட்டத்தின் கீழ் கிராமங்களில் 30 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி 'ஆஷா' பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. டேப்பை நீட்டும் அந்தப் பெண்ணிடம், "நான்தான் ஒல்லியாச்சே, எனக்கெதுக்கும்மா?" என்று கேட்பவர்தான் முதலில் அளக்கப்பட வேண்டியவர்.