கம்பியும் காற்றும் – 14: பெங்களூரு, வழி சென்னை

வைஃபை சேனல் கணக்கு சென்ற வாரமே முடிந்தது; 1, 6, 11 என்ற மூன்றில் எதைப் பிடிப்பது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் வைப்பதால் வரும் சிக்கலை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. சேனலை மாற்றியாயிற்று, ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று, இன்னும் நெட் இழுக்கிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? ஓசூர்க்காரருக்கு இந்தக் கேள்வி கூடுதலாகக் குழப்பும். ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அலுவலகமும் அங்கே, அதன் சர்வரும் அங்கே. பக்கத்து ஊர் சர்வரோடு பேசவா இத்தனை தாமதம் என்று அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அவருடைய தரவு தேசிய நெடுஞ்சாலை 44இல் போவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு எந்த ஊரில் கைகோத்திருக்கிறதோ, அந்த ஊர் வழியாகவே அது போகும். அதனால் வேகத்தை அளக்குமுன் வழியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வாரத்து வாதம்.

வழியைப் பார்க்கும் கருவியின் பெயர் டிரேஸ்ரூட். ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு 1987இல் வான் ஜேக்கப்சன் எழுதியது. விண்டோஸ் கணினியில் டிரேசர்ட் என்று பெயர் சுருங்கிக் கிடக்கிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வலையமைப்புத் துறையில் இதைவிட அழகான யோசனையை நான் அறியேன். இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ‘ஆயுள்’ என்று ஓர் எண் இருக்கிறது. 1981இல் விதியை எழுதியபோது அது நொடிக் கணக்கு, அதிகபட்சம் 255. நடைமுறையில் அது ரவுட்டர் கணக்காக மாறிவிட்டது. லினக்ஸ் பொதுவாக 64 என்று எழுதி அனுப்பும், விண்டோஸ் 128 என்று. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எதற்காக இந்த ஏற்பாடு? ஜுஜுவாடியில் ‘அத்திப்பள்ளிக்குப் போ’ என்றும், அத்திப்பள்ளியில் ‘ஜுஜுவாடிக்குப் போ’ என்றும் ஒரு லாரியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஓட்டுநர் இறங்கிச் சண்டை போடுவார். பாக்கெட்டுக்கு வாய் கிடையாது. இரண்டு ரவுட்டர்கள் தவறான வழிப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று கைகாட்டினால், அது காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றாமல் சாகட்டும் என்றுதான் ஆயுள் குறிக்கப்பட்டது. எண் பூஜ்யமானதும் அந்த இடத்து ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘ஆயுள் முடிந்தது’ என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி போடும். அந்தச் செய்தியில் அதன் சொந்த முகவரி இருக்கும். ஜேக்கப்சன் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஆயுள் 1 என்று எழுதி ஒரு பாக்கெட்டை அனுப்பினால் அது முதல் ரவுட்டரிலேயே செத்து, அந்த ரவுட்டர் தன் முகவரியை எழுதி அனுப்பும். ஆயுள் 2 என்றால் இரண்டாவது ரவுட்டர். இப்படியே 3, 4 என்று ஏற்றிக்கொண்டு போனால் வழி முழுவதும் வரிசையாக எழுதப்பட்டுவிடும். ஆயுள் எண் வழி காட்டுவதற்கென்று வைக்கப்பட்டதே அல்ல. இழவுச் செய்திகளைக் கோத்தே அவர் வரைபடம் போட்டார்.

அந்தப் பட்டியலைப் படிக்க இன்னொரு உதவியும் உண்டு. பல நிறுவனங்கள் தங்கள் ரவுட்டருக்குப் பெயர் வைக்கும்போது, ஊரைக் குறிக்க விமான நிலையச் சுருக்கத்தைச் சேர்க்கின்றன. பெங்களூருக்கு பிஎல்ஆர். சென்னைக்கோ மெட்ராஸ் காலத்து எம்ஏஏ. ஊர்ப்பெயர் 1996இல் மாறியும் அது மாறவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு சர்வருக்குப் போட்ட பட்டியலின் நடுவில் எம்ஏஏ தென்பட்டால், பாக்கெட் கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். பெயர் பழையதாகவோ தவறாகவோ இருக்கலாம் என்பதால் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 40 கிலோமீட்டருக்குப் போகவர 0.4 மில்லிநொடி போதும். ஓசூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 300, அங்கிருந்து பெங்களூரு 350. ஆக 650 கிலோமீட்டருக்குப் போகவர ஆறரை மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை போய்த் திரும்பினால் ஒளிக்கு மட்டுமே 30க்கு மேல் ஆகும். உள்நாட்டுத் தரவு இப்படி வெளிநாடு சுற்றி வந்ததால்தான் 2003இல் நிக்ஸி என்ற தேசிய இணைய இணைப்பகமே தொடங்கப்பட்டது.

மாநில எல்லைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1998 நவம்பரில் தனியாருக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டபோது உரிமங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன: ஏ நாடு முழுவதற்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு, சி அதைவிடச் சிறிய பகுதிக்கு. பி உரிமம் வாங்கி ஓசூரில் இணைப்புக் கொடுக்கிற நிறுவனத்தின் வட்டம் தமிழ்நாடு. அதன் வாடிக்கையாளரெல்லாம் தமிழ்நாட்டுக்குள் இருக்கும்போது மேல்நிலை இணைப்பைச் சென்னையில் வாங்குவது இயல்பு. அது சதியோ சோம்பலோ அல்ல. பத்து மில்லிநொடியை யார் உணரப் போகிறார்கள் என்று கேட்கலாம். சினிமா பார்ப்பவர் உணரமாட்டார். பெரிய தளங்கள் தங்கள் படங்களின் நகலைச் சேவை நிறுவனத்துக்கு அருகிலேயே வைத்திருக்கின்றன. ஆனால் ஓர் அலுவலக மென்பொருள் ஒரு திரையைத் திறக்கப் பல தடவை கேட்டுக்கேட்டுப் பதில் வாங்குகிறது. ஐம்பது தடவைக்குப் பத்துப் பத்தாகக் கூட்டினால் அரை நொடி. அதைவிட முக்கியம், வழி நீளும்போது நெரிசலுக்கு வாய்ப்பான இணைப்புகளும் கூடுகின்றன. அதனால் ஒரே இடத்துக்கு விடிகாலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை பட்டியல் எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் வரி, அதாவது பல வீடுகளில் 192.168.1.1 என்று வரும் உங்கள் ரவுட்டர், இரவிலும் இரண்டு மூன்று மில்லிநொடியில் நிற்கிறது. மூன்றாவது வரியிலிருந்து கடைசிவரை எல்லாம் ஐம்பதுக்கு ஏறிவிடுகிறது என்றால் உங்கள் வீட்டில் குறையில்லை. முதல் வரியே ஆடுகிறதென்றால் சென்ற வாரப் பாடத்துக்குத் திரும்புங்கள்.

வயர்லெஸ் இணைப்பே தாமதம் கூட்டுகிறதே, பிறகு இந்தக் கணக்கு எப்படி நிற்கும் என்பது வலுவான ஆட்சேபம். 5ஜி கோபுரத்திலிருந்து வாங்கும் வீட்டு இணைப்பில் காற்று வழி மட்டுமே பத்து இருபது மில்லிநொடியைத் தின்றுவிடலாம். ஆகவே மொத்தத்தைப் பார்க்காமல் வரிக்கு வரி ஏற்படும் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்; வீட்டுக்குள் சோதனை செய்யும்போது கணினியை லேன் கேபிளில் மாட்டிவிட்டால் வைஃபையின் பங்கு போய்விடும். நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக் குறி வந்தாலோ, ஒரே ஒரு வரி மட்டும் 200 காட்டினாலோ பதற வேண்டாம். ரவுட்டருக்குப் பாக்கெட்டைக் கடத்துவது முதல் வேலை, செத்ததற்குச் செய்தி போடுவது கடைசி வேலை. அடுத்தடுத்த வரிகளிலும் ஏற்றம் தொடர்ந்தால் மட்டுமே அது கோளாறு. திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாமே என்றால், இருக்கலாம்; டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டுமே காட்டும். அந்தக் குறைக்கு முழு மருந்து இல்லை. பெங்களூரு முனையில் இருப்பவர் உங்கள் பொது முகவரியை நோக்கி ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்தால், உங்கள் சேவை நிறுவனத்தின் வாசல்வரை தெரியும்.

சாதாரண வீட்டுக்காரருக்கு இவ்வளவு எதற்கு, அணைத்துப் போட்டால் போதாதா? 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகமெங்கும் சுமார் ஆறு மணி நேரம் மறைந்தன. அந்த நிறுவனத்தின் முகவரிகளுக்கான வழி அறிவிப்புகளே இணையத்திலிருந்து விலகிவிட்டன. அன்று வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருந்திருக்காது. வழியை வாடிக்கையாளர் மாற்ற முடியாது என்பதும் உண்மை. புகாரை மாற்ற முடியும். ‘நெட் ஸ்லோ’ என்ற புகாருக்குக் கிடைக்கும் பதில் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பதுதான். இரண்டு நேரத்துப் பட்டியலும், ஏற்றம் தொடங்கும் வரியும் இணைத்த புகார் வலையமைப்புப் பொறியாளர் மேசைக்குப் போக வேண்டிய புகார். டிராய் 2012இல் வகுத்த விதிப்படி புகார் மையம் பதிவு எண் தர வேண்டும். தீர்வில் நிறைவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

இரண்டு ரவுட்டர் விவகாரம் அடுத்த வாரம். இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்தால் பாக்கெட் எந்தப் பக்கம் போகும் என்பதிலிருந்து தொடங்குவோம். அதற்குள் ஆறு மணிப் பட்டியலையும் ஒன்பது மணிப் பட்டியலையும் எடுத்து வையுங்கள்; இரண்டாவது வரியில் 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட முகவரி வந்திருந்தால் அடிக்கோடிட்டு வையுங்கள். அதுவும் அடுத்த வாரத்துக்கு வேண்டும்.